தடுப்பூசி போட்ட பூனை சுருண்டு படுத்துவிட்டதா? முகாமுக்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை

தெருநாய்ப் பிரச்சினை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 11-ஆம் தேதி உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி அது மாற்றப்பட்டது. கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு என்று நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி எழுந்த பேச்சில் ரேபிஸ் தடுப்பூசி என்ற சொல் டீக்கடை வரை வந்து சேர்ந்தது. அது நல்லதே. உலக ரேபிஸ் மரணங்களில் சுமார் 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாய் மூலம் பரவும் ரேபிஸால் 2030-க்குள் ஒரு மனித உயிர்கூடப் போகக்கூடாது என்ற இலக்குடன் 2021 செப்டம்பர் 28 அன்று தேசிய செயல்திட்டமும் தொடங்கப்பட்டது.

இந்தத் திட்டங்கள் எல்லாம் நாயைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டவை. மனிதருக்கு ரேபிஸ் வருவதில் மிகப் பெரும்பான்மை நாய்க்கடியால்தான் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் முகாமுக்கு நாய் மட்டும் வருவதில்லை. நெல் மூட்டைக்கும் கடலை மூட்டைக்கும் காவலாக வளர்க்கும் பூனையையும் கூடையில் போட்டு, மேலே துணியைக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனை கடித்தாலும் பரவும் என்பது தெரிந்து கொண்டுவருகிறவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல் அடுத்த அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள் என்று மருத்துவர் சொல்வார். சுற்றிலும் இருபது நாய் குரைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பூனைக்காரர் எப்படி இருப்பார்? ஊசி போட்ட கையோடு கூடையை வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மருத்துவர் கண்ணெதிரே தெரிந்திருக்க வேண்டிய ஒவ்வாமை, பாதி வழியிலோ வீட்டுத் திண்ணையிலோ தெரிகிறது. பூனை வாந்தி எடுக்கிறது, முகம் வீங்குகிறது, அல்லது மூலையில் சுருண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறது. அதன் பிறகு அந்த வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் எந்தப் பூனைக்கும் தடுப்பூசி இல்லை. கோமாரி ஊசி போட்டால் பால் குறைகிறது என்ற பேச்சு ஓர் ஊரில் பரவினால் அடுத்த சுற்றில் பட்டியே காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். இதுவும் அதே கதைதான்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல, விரிவாக்கப் பணியில் இருக்கும் வேளாண் விஞ்ஞானி. மருத்துவம் மருத்துவருடையது. அவர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு வீட்டில் நடப்பவற்றைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், களத்தில் காதில் விழுகிறவற்றை வைத்துப் பார்த்தால், ஊசியின் விளைவைவிட அதன் பிறகு வீட்டில் செய்யும் கைவைத்தியம்தான் அதிகம் கெடுக்கிறது.

எது சாதாரணம், எது ஆபத்து?

ஊசி போட்ட அன்றும் மறுநாளும் பூனை சோர்ந்து தூங்கும். உடம்பு கொஞ்சம் சுடும். பாதிச் சாப்பாடுதான் சாப்பிடும். ஊசி போட்ட காலை நொண்டும், தொட்டால் சீறும். இது உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும் வேலையின் பக்கவிளைவு. ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகும். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு எப்போதுமே சூடாகத்தான் தெரியும். கையை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் சுமார் 4.96 லட்சம் பூனைகளின் பதிவேடுகளை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. தடுப்பூசி போட்ட 30 நாள்களுக்குள் ஏதாவது ஒரு பக்கவிளைவு கண்டவை 10,000 பூனைக்குச் சுமார் 52. அதிலும் பெரும்பகுதி வெறும் சோர்வுதான். ஒரே நேரத்தில் பல ஊசி போட்ட பூனைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இதைப் பிறகு பார்ப்போம்.

உண்மையான ஆபத்து வேறு மாதிரி வரும், வேகமாக வரும். ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வாந்தி, கழிச்சல், முகத்தைக் கால்களால் பரபரவென்று தேய்த்தல், கண் இமையும் உதடும் வீங்குதல், எச்சில் ஒழுகுதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், தள்ளாடி விழுதல் போன்ற அறிகுறிகள் தெரியும். நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது இயல்பு அல்ல. உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இந்த நிலைக்கு வீட்டில் மருந்து கிடையாது. அட்ரினலின் ஊசி, பிராணவாயு, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் உள்ளிட்ட திரவம் எல்லாம் மருத்துவர் கையில்தான் இருக்கின்றன. முகாம் நடந்த இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே திரும்பிப் போங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். போகும் வழியில் பூனையை மார்போடு இறுக்கி அணைக்காமல், காற்றோட்டமுள்ள கூடையில் தலை மடங்காதபடி படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம் என்றாலும், அது வந்து சேரும் வரை பூனை தாங்காது. முதலில் கிளம்புங்கள், போகும் வழியில் போன் செய்யுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு பூனை தேறி எழுந்து உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மருந்தின் வேகம் குறையும்போது, சில மணி நேரம் கழித்து, இதே ஒவ்வாமை இரண்டாம் முறை தலைகாட்டலாம். அதனால் முதல் இரவு அதைக் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. கால் மாத்திரையும் கூடாது, குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தும் கூடாது.

காரணம் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற நமக்கு இருக்கும் வழி பூனைக்கு மிகக் குறைவு. தேங்கிய மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பேறிச் சாக்லேட் நிறத்துக்கு மாறும். ஒரு கிலோ உடல் எடைக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நச்சு அறிகுறிகள் பதிவாகியுள்ளன. 3 கிலோ பூனைக்கு அது வெறும் 30 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 650 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு என்பது 160-க்கு மேல்.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பாராசிட்டமால் நஞ்சானால் பூனையின் முகமும் பாதமும் வீங்கும். பார்க்கிறவருக்கு அது தடுப்பூசியின் ஒவ்வாமை மாதிரியே தெரியும். வெறும் சோர்வோடு இருந்த பூனைக்கு மாத்திரை கொடுத்து, மறுநாள் முகம் வீங்கி இறந்தபின், ஊசியால்தான் செத்தது என்று ஊர் முழுக்கச் சொல்லுவோம். மாத்திரை கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் போனால் மாற்று மருந்து உண்டு. யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டினாலும் பூனை பிழைக்கும்.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் இதே கணக்குதான். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் காய்ச்சல் போலஸை உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுவைச் சிதைக்கும் என்பதால், அவற்றை அரைத்துக் கொடுக்கும் வைத்தியமும் வேண்டாம். கற்பூரத் தைலம், யூக்கலிப்டஸ் தைலம் எதையும் தடவாதீர்கள். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி, தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். சோர்ந்து கிடக்கும் பூனையின் மேல் உண்ணி தெரிகிறது என்று மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தெளிப்பவர்களும் உண்டு. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனையின் நரம்பைத் தாக்கி வலிப்பில் கொண்டுபோய் விடும்.

தேறும் நாள்களில் பராமரிப்பு

ஆபத்துக் கட்டம் தாண்டி மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிய பூனைக்கும், முதலிலிருந்தே வெறும் சோர்வோடு இருக்கும் பூனைக்கும் வேண்டியது ஒன்றுதான்: அமைதியான இடம், வாசனையுள்ள சாப்பாடு, தண்ணீர், கண்காணிப்பு.

ஒரு வாரத்துக்கு வெளியே விடாதீர்கள். சோர்ந்த பூனை தெருநாயிடமிருந்து தப்ப முடியாது, கிணற்றுச் சுவரில் கால் வழுக்கும். பழைய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே துவைத்த சாக்கோ பழைய வேட்டியோ விரித்து, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். உர மூட்டை, பூச்சிமருந்து வைத்திருக்கும் அறை வேண்டாம். மலம் கழிக்க ஒரு பழைய தட்டில் மணல் போட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள். சிறுநீர் கழிக்கிறதா என்பது அந்த மணலைப் பார்த்தால் தெரியும். வெளியே போய் வரும் பூனையிடம் இந்தத் தகவலே கிடைக்காது.

பூனை சாப்பிடாமல் இருப்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாடு இரண்டு நாள் தீவனம் எடுக்காவிட்டால் எவ்வளவு கவலைப்படுவோமோ அதே கவலை இங்கேயும் வேண்டும். பூனை சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்கத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். பெரிய பூனை முழுதாக இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிக்கு அரை நாளே அதிகம்.

பூனைக்குப் பசியைத் தூண்டுவது மூக்கு. மத்தியோ நெத்திலியோ உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் ஒரு தேக்கரண்டி அளவு மூக்கருகே வையுங்கள். மீன் வாங்காத வீட்டில் வெந்த முட்டையின் மஞ்சள் கரு போதும். கோழி வேகவைத்த தண்ணீரும் நல்லது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, சிறிது சிறிதாக வையுங்கள். சாப்பிடாமல் விட்டதை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். எறும்பு மொய்த்த தட்டை அது மறுபடி முகர்ந்துகூடப் பார்க்காது. பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பூனைக்குக் கழிச்சல் வந்தால் உடம்பில் உள்ள நீரும் போய்விடும்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துப் பிடரித் தோலை லேசாகத் தூக்கி விடுங்கள். உடனே பழைய நிலைக்குப் போனால் நல்லது. கூடாரம் மாதிரி நின்று மெல்ல இறங்கினால் மருத்துவர் தேவை. தானாகக் குடிக்காத பூனைக்கு, ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாக ஒரு மில்லி, அது விழுங்கிய பிறகு இன்னொரு மில்லி என்று கொடுக்கலாம். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். கன்றுக்கு மருந்து புகட்டும்போது புரை ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பூனை தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். இருபதிலிருந்து முப்பது வரை இருக்கலாம். நாற்பதைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊசியின் விளைவுதானா, வேறு நோயா?

ஊசி போட்ட ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பூனை அடுத்தடுத்து வாந்தி எடுத்து, இரத்தம் கலந்து கழிந்தால் ஊசியின் மேல் பழி போடுவதற்கு முன் யோசியுங்கள். ஒவ்வாமை அவ்வளவு தாமதமாக அப்படி வருவது அரிது. பூனைகளின் உயிர்க்கொல்லியான பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் கழிச்சல் நோய், தொற்றிய சில நாள்களில்தான் வெளியே தெரியும். முகாமுக்கு வரும் முன்பே தொற்றியிருக்கலாம், வந்த இடத்தில் வேறு பூனையிடமிருந்தும் தொற்றியிருக்கலாம். ரேபிஸ் ஊசி இந்த நோயைத் தடுக்காது, அதற்கு வேறு ஊசி உண்டு.

அதைவிட முக்கியமான சந்தேகம் ஒன்று இருக்கிறது. பூனைக்குப் போடும் வழக்கமான ரேபிஸ் தடுப்பூசி செயலிழக்கச் செய்த கிருமியால் ஆனது. அதிலிருந்து ரேபிஸ் வராது. ஆனால் ஊசிக்கு முன்பே வெறிநாய் கடித்திருந்தால், பிறகு போட்ட ஊசி அதைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. எதிர்ப்புச் சக்தி வரவே மூன்று, நான்கு வாரம் ஆகும். முகாமுக்குப் போய் வந்த பூனை திடீரென்று குணம் மாறி, காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிறது, குரல் மாறுகிறது, எச்சில் வடிக்கிறது, பின்னங்கால் இழுக்கிறது என்றால் அதைத் தொடாமல் அறையில் அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொண்டையில் முள் மாட்டியிருக்கும் என்று வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

தேறிவரும் பூனைக்குச் சிரிஞ்சில் தண்ணீர் கொடுக்கும்போது அது கடித்தாலோ பிராண்டினாலோ, தடுப்பூசி போட்ட பூனைதானே என்று விட்டுவிடவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் காயத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு ஊசி போடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வெறும் சோர்வும் காய்ச்சலும் கண்ட பூனைக்குத் தாராளமாகப் போடலாம். முகம் வீங்கியது, வாந்தி எடுத்தது என்றால் முகாமில் போடாமல், மருந்தகத்தில், காலை நேரத்தில் போட வேண்டும். மருத்துவர் முன்கூட்டியே ஒவ்வாமைத் தடுப்பு மருந்து கொடுக்கலாம், வேறு நிறுவனத் தயாரிப்பைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு நாளைக்கு ஓர் ஊசி மட்டும் என்று பிரித்துப் போடலாம். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பது இவர்களுக்குக் கட்டாயம். மயங்கி விழுந்து உயிருக்குப் போராடிய பூனைக்கு மறுபடி போடலாமா, வேண்டாமா என்பது மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. அப்படிப்பட்ட பூனைக்கு ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த வீட்டு நாய்க்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் தவறாமல் போடுவதுதான் அதற்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு.

ஒரு பூனை சுருண்டு படுத்ததால் தெருவே ஊசியை நிறுத்துவது கணக்குப்படி நஷ்டம். பக்கவிளைவு கண்ட பூனைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. ரேபிஸ் அறிகுறி கண்ட பூனை பிழைப்பதில்லை, அது கடித்து நோய் முற்றிய மனிதரும் அநேகமாகப் பிழைப்பதில்லை.

முகாம் நடத்துபவர்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. பூனைகளுக்கு முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள், நாய்களை அதன் பிறகு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பள்ளிக்கூட வராண்டா மாதிரி மறைவான ஓர் இடத்தைப் பூனைக்காரர்கள் காத்திருக்கக் கொடுங்கள். இதற்குத் தனியாக நிதி எதுவும் தேவையில்லை. ஊசியைப் பிடரியில் போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடுவதும் நல்லது. மிக அரிதாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வளர்வது உண்டு. காலில் வந்தால் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கும், பிடரியில் வந்தால் அந்த வழி குறுகிவிடும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, மாட்டின் காது வில்லை எண்ணும் சினை ஊசி தேதியும் எழுதி வைத்திருக்கும் அதே நோட்டில் பூனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது. ஊசியின் பெயர், மருந்துக் குப்பியில் உள்ள பேட்ச் எண், எந்தக் காலில் போட்டார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழித்து என்ன ஆனது என்பதை எழுதுங்கள். பிறகு மாதம் ஒரு முறை அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். சிறு கட்டி இருந்தால் பயம் வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். மூன்று மாதம் கழித்தும் கரையாமல் இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானாலோ, ஊசி போட்டு ஒரு மாதம் ஆன பிறகும் வளர்ந்துகொண்டே போனாலோ, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.